நகராத லாச்சி

அன்புச் சகோதரிகளே, மாரி காலத்தில் உங்கள் வீட்டு மேசை லாச்சி இறுகிப்போய் நின்றிருக்கும். இழுத்தால் வராது, வந்தால் உள்ளே போகாது. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். மெல்லத் தூக்கிப் பார்ப்பீர்கள். பின்னால் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவுவீர்கள். மெழுகுதிரித் துண்டொன்றைத் தேடியெடுத்து ஓரங்களில் தேய்ப்பீர்கள். ஆண்களாகிய நாங்கள் என்ன செய்வோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். காலை மேசையில் ஊன்றிக்கொண்டு பலங்கொண்ட மட்டும் இழுப்போம். கைபிடி கழன்று கையோடு வரும்.

நான் இங்கே சொல்லப் போவதும் ஒரு லாச்சியின் கதைதான். ஆனால் அந்த லாச்சிக்குள் ஒரு ஸோபாவும் சாப்பாட்டு மேசையும் கண்ணாடி ஜன்னலும் இருந்தன.

2018ஆம் ஆண்டு டிசம்பர் பாடசாலை விடுமுறையில், அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் குடியிருக்கும் என் தங்கையிடம் போயிருந்தேன். பல வருட அழைப்பு. மச்சான் அதற்கு முந்திய வருடந்தான் பழைய கெரவன் ஒன்றை வாங்கியிருந்தார். கெரவன் என்பது காரின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் சிறிய வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். டிசம்பர் அங்கே கோடை காலம். குடும்பம் குடும்பமாகக் கெரவனை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், அதற்கென்றே உள்ள தரிப்பிடங்களில் வாடகை கொடுத்து நிறுத்தி, அங்கேயே சமைத்து, உண்டு, உறங்குகிறார்கள். போகும் இடமெல்லாம் ஹலாலா ஹராமா என்று விசாரித்தே களைத்துப் போகும் நம்மவர்களுக்கு இது பெரிய நிஃமத்.

பாதையில் ஓடும் வண்டி இவ்வளவு அகலந்தான் இருக்கலாம் என்று அங்கே சட்டம் உண்டு. ஆகவே கெரவனின் நடுவில் ஓர் ஆள் நடந்து போகத்தான் வழியிருக்கும். இந்தக் குறையைத் தீர்க்கச் சில கெரவன்களில் ‘ஸ்லைட்-அவுட்’ என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்திய பின் ஒரு பட்டனை அமத்தினால், பக்கச் சுவரின் ஒரு பகுதி அதிலுள்ள ஸோபா, மேசை, ஜன்னலோடு இரண்டரை அடி வெளியே நகரும். கிளம்பும்போது அதே பட்டனின் மறுபக்கத்தை அமத்தினால் உள்ளே வந்து மூடிக்கொள்ளும். “இதென்ன நானா, லாச்சிதானே!” என்றாள் தங்கை. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கும் எனக்கும் அது லாச்சிதான்.

அந்த இரண்டரை அடியின் அருமையை ஒரு பெண்ணிடந்தான் கேட்க வேண்டும். லாச்சி உள்ளே இருக்கும்போது ஒருவர் ஒழுங்காக ஸுஜூது செய்யவே இடம் போதாது. வெளியே போய்விட்டால் தங்கையும் மருமகளும் அருகருகே முஸல்லா விரித்து, திரையை இழுத்துவிட்டு, ஆறுதலாகத் தொழுவார்கள். மச்சானும் நானும் மகனும் வெளியே மரத்தடியில் தொழுவோம்.

மச்சான் எங்களை நாட்டின் உட்பகுதிக்குக் கூட்டிப் போனதற்குக் காரணம் நான்தான். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் புரோக்கன் ஹில் என்றொரு சுரங்க நகரம் இருக்கிறது. வெள்ளி, ஈயம், நாகம் தோண்டிய ஊர். ரயிலும் லொறியும் போகாத அந்தப் பாலைநிலத்தில் ஒரு காலத்தில் சாமான் சுமந்தவை ஒட்டகங்கள். அந்த ஒட்டகங்களை நடத்த 1860கள் தொடக்கம் கொண்டுவரப்பட்டவர்கள் ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான், பஞ்சாப் பக்கத்து முஸ்லிம்கள். ஊரார் எல்லோரையும் பொதுவாக ‘ஆப்கானியர்’ என்றே அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் நெளிதகரத்தால் கட்டிய சின்னப் பள்ளிவாசல் ஒன்று புரோக்கன் ஹில்லில் இன்றும் காட்சிச்சாலையாகப் பாதுகாக்கப்படுகிறது. அதை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மெல்பேர்னிலிருந்து மில்டுரா ஏறக்குறைய 540 கிலோமீற்றர். அங்கிருந்து புரோக்கன் ஹில் இன்னும் 300. இடையில், மில்டுராவிலிருந்து விலகி, முங்கோ என்ற வற்றிய ஏரியைப் பார்க்க மண் பாதையில் ஓர் ஓட்டம் ஓடினோம். நெளிதகரத்தின் மேல் வண்டி ஓட்டினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அலுமாரிக் கதவுகள் தாமாகத் திறந்தன. சீனிப் போத்தல் கவிழ்ந்தது. என் பல் கூட ஆடுவது போலிருந்தது. பள்ளிவாசலை 26ஆம் திகதி பார்த்தேன். அதைப் பற்றி வேறொரு மாதம் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். இப்போது மறுநாள் காலைக்கு வருகிறேன்.

27ஆம் திகதி காலை பத்து மணிக்குள் தரிப்பிடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்த ஊர் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் கடிகாரம் மட்டும் தென் அவுஸ்திரேலியாவின் நேரத்தைக் காட்டும். மாநிலத்தின் மற்ற இடங்களை விட அரை மணி பிந்தி. அதனால் நமக்கு அரை மணி இலாபம் என்று மச்சான் சிரித்தார். அன்று வெயில் நாற்பது பாகையைத் தாண்டும் என்று வானொலி சொல்லியிருந்தது. வெயில் ஏறுமுன் மில்டுரா போய்ச் சேர வேண்டும். 30ஆம் திகதி எனக்கு விமானம். ஜனவரி தொடக்கத்தில் பாடசாலை.

எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு மச்சான் பட்டனை அமத்தினார். ‘டக்’ என்றது. அதன் பிறகு தரைக்கடியில் ஒரு மெல்லிய முனகல். லாச்சி ஓர் அங்குலமும் அசையவில்லை.

மறுபடி அமத்தினார். டக். மறுபடியும் டக். பிறகு பட்டனைப் பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் லாச்சியோடு கெரவனைப் பாதையில் இழுக்க முடியாது. நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட வாரத்தில் அந்த நாட்டில் கராஜ்கள் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். மச்சான் மூன்று இடத்துக்குக் கோல் எடுத்தார். மூன்றிலும் பதிவு செய்த குரல், ஜனவரியில் வரச் சொன்னது.

“மச்சான், நீங்க துஆ செய்யுங்க, நான் அமத்துறேன்” என்றார்.

நானும் கதிரையைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் அமர்ந்து திக்ர் செய்யத் தொடங்கினேன். முதலில் ஒட்டகத்தைக் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்துள்ள ஹதீஸை எத்தனை வருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன்! ஒட்டகக்காரர்களின் பள்ளிவாசலை நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்து, இன்றைக்குக் கட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்ற எண்ணம் அப்போது எனக்கு வரவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் வருத்தம் தருவது. மச்சான் நல்ல மனிதர். ஐந்து நேரத் தொழுகையாளி, உழைப்பாளி. ஆனால் அந்தச் சூட்டில் அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தங்கையைப் பார்த்து, “கண்ட கண்ட பீங்கானையும் கோப்பையையும் ஏத்தாதே என்று எத்தனை தரம் சொன்னேன். பாரம் தாங்காமல் மோட்டர் போயிட்டுது” என்று சத்தம் போட்டார். பக்கத்துக் கெரவன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எதுவும் பேசவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கெரவனின் படியில் மெதுவாக உட்கார்ந்தாள். மூத்த சகோதரன் நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். “குடும்ப விடயம்” என்று என் நாவைக் கட்டிக்கொண்டேன். அதற்கு ஸப்ர் என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

மச்சான் அடுத்து ஒரு யோசனை சொன்னார். வெளியிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து தோளைக் கொடுத்துத் தள்ளுவது. ஆள் கூப்பிடப் போனவருடன் வந்து சேர்ந்தார், இரண்டு கெரவன் தள்ளி இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர். அந்த ஊர்ச் சுரங்கத்தில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அவர் தோளைக் கொடுக்கவில்லை. தள்ளவும் விடவில்லை.

“அடியில் பல் வைத்த இரண்டு இரும்புக் கைகள் இருக்கின்றன. அந்தப் பற்களில் சில்லு பிடித்திருக்கிறது. சில்லை மோட்டர் பூட்டி வைத்திருக்கிறது. நீங்கள் தள்ளினால் லாச்சி போகாது, பல்தான் உடையும்” என்றார். பட்டனையும் ஓரிரு வினாடிக்கு மேல் அமத்த வேண்டாம் என்றார். சுழலாமல் நிற்கும் மோட்டருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தால் அது சூடாகிக் கருகிவிடுமாம்.

பிறகு அவர் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். நீங்கள் லாச்சியில் கையை விட்டுத் தடவுவது போலவேதான். முதலில் தடை. உள்ளே தரையில் ஏதும் கிடக்கிறதா, அலுமாரிக் கதவு திறந்து குறுக்கே நிற்கிறதா, ஓரத்து இறப்பர் பட்டியில் துணி சிக்கியிருக்கிறதா, மேலே மரக்கிளை விழுந்திருக்கிறதா. ஸோபாவுக்கு அடியிலிருந்து சின்ன மருமகனின் செருப்பு ஒன்று வந்தது. “கண்டுபிடித்துவிட்டோம்!” என்று மச்சான் துள்ளினார். பட்டன் மறுபடியும் டக் என்றது, அவ்வளவுதான். அடுத்தது மட்டம். கெரவனின் நாலு மூலையிலும் ஊன்றும் கால்களில் ஒன்றை அளவுக்கு மிஞ்சி முறுக்கிவிட்டால் சட்டம் சற்று வளைந்து, லாச்சி கோணலாகச் சிக்கிக்கொள்ளுமாம். நம் வீட்டுக் கதவு மழைக்கு இறுகுவது போல. அதுவும் சரியாகவே இருந்தது. அடுத்தது பியூஸ். அதுவும் நல்லது.

“சரி, பெட்டரி?” என்றார்.

மச்சானுக்கு ரோசம் வந்துவிட்டது. “பெட்டரி நல்லாயிருக்கு. லைட் எல்லாம் எரியுதே! கெரவனுக்கு மெயின் கரண்டும் குத்தியிருக்கிறேன்” என்றார்.

பெரியவர் சிரித்தார். சகோதரிகளே, அவர் அப்போது சொன்னதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். வீட்டில் இன்வெர்ட்டரோ முச்சக்கர வண்டியோ வைத்திருப்போருக்கும் இது உதவும். இன்றைய எல்.ஈ.டி. விளக்கொன்று எரிய ஓர் அம்பியரில் ஒரு சிறு பகுதி போதும். அந்த லாச்சியை இழுக்கும் மோட்டருக்கு இருபது, முப்பது அம்பியர் வேண்டும். ஊசிமுனைத் துவாரத்தால் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீர் ஒரு கோப்பையை நிரப்பிவிடும்; அதே துவாரத்தை நம்பி வீட்டுக் கூரையில் பிடித்த தீயை அணைக்க முடியாது. விளக்கு எரிகிறது என்பது மின்சாரம் இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. வேலை செய்யும் பலம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சியல்ல.

அவர் மல்டி மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டரியின் இரு முனைகளிலும் வைத்தார்: 12.6 வோல்ட். மச்சான் என்னைப் பார்த்து, “நான் சொன்னேனே” என்பது போல் தலையாட்டினார். “இது பெட்டரி தூங்கும்போது பார்த்த கணக்கு. வேலை செய்யும்போது பார்க்க வேண்டும்” என்றார் பெரியவர். மச்சானைப் பட்டனில் நிறுத்தினார். பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பினார். லாச்சி திடீரென்று நகர்ந்தால் சுவருக்கும் அதற்கும் இடையில் யாரும் இருக்கக்கூடாது. அமத்தும்போது பெட்டரியில் 12.3. நல்லது. அதே நேரத்தில் மோட்டரின் வயர்களில் வைத்துப் பார்த்தால் 7.1!

பன்னிரண்டு வோல்ட் புறப்பட்டு ஏழு போய்ச் சேருகிறது. மிகுதி ஐந்து வழியில் எங்கேயோ களவு போகிறது.

இந்த இடத்தில் ஓர் உஸ்தாதாகிய எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. காரணம் என்பதற்கு அரபியில் ‘ஸபப்’ என்கிறோம். அந்தச் சொல்லின் பழைய பொருள் கயிறு. கிணற்றுத் தண்ணீரை எட்டுவதற்கு எதைப் பிடித்து இறங்க வேண்டுமோ அது ஸபப். வருடக் கணக்காக அகராதியிலிருந்து இதைச் சொல்லிக் கொடுத்த நான், ஒரு மனிதர் மணலில் முழங்காலிட்டு, வயரைக் கையால் தொட்டுத் தொட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதை அன்றுதான் கண்டேன்.

இடையில் அவர் நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார். “இது இன்றைக்கு நின்றது. ஆனால் வித்தியாசமாக நடக்கத் தொடங்கியது எப்போது?”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். “நேற்று வரை நல்லாத்தானே இருந்தது” என்றோம் இருவரும் ஒரே குரலில்.

“உள்ளே அடுக்குவது, மூடுவது, படுக்கை விரிப்பது எல்லாம் யார்?”

அப்போதுதான் தங்கையைக் கூப்பிட்டோம். அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, மகளிடம் அந்தக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னாள். பயணச் செலவு எழுதும் நாற்பது பக்கக் கொப்பி. பாண் இவ்வளவு, பெற்றோல் இவ்வளவு என்று கணக்கு. ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள். அதை வாங்கி நான்தான் வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன்.

24ஆம் திகதி: “மண் பாதை. ராவு லாச்சி வெளியே போகும்போது லைட் மங்கிச்சு. மெதுவாப் போச்சு. இவரிடம் சொன்னேன்.”

25: “காலையில் இன்னும் மெது. பின்னேரம் பாதியில் நின்று போச்சு. தண்ணி மோட்டர் சத்தமும் குறைவு. இவரிடம் சொன்னேன். பழைய சாமான் அப்படித்தானாம்.”

பெரியவர் கொப்பியை வாங்கி, தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “இந்த அம்மாவிடம் முதலிலேயே கேட்டிருந்தால் அரை மணி மிஞ்சியிருக்கும்” என்றார். லாச்சி ஓடும்போது விளக்கும் மங்குகிறது, தண்ணீர் மோட்டரும் தளர்கிறது என்றால், கோளாறு லாச்சியின் மோட்டரில் இல்லை; எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இடத்தில் இருக்கிறது. அதுவும் மண் பாதைக்குப் பிறகு. குலுங்கிக் கழன்ற ஏதோ ஒன்று.

அவர் நேராகக் கெரவனின் முன்பக்கம் போனார். வாகனங்களில் மின்சாரம் பெட்டரியின் நேர் முனையிலிருந்து வயரால் போய், திரும்பி வரும்போது பெரும்பாலும் வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியாகவே வருகிறது. மறை முனையிலிருந்து ஒரு தடித்த வயர் வந்து சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதைத்தான் எர்த் வயர் என்கிறோம். மீட்டரின் ஒரு கம்பியை மறை முனையிலும் மற்றதைச் சட்டத்தின் சுத்தமான இரும்பிலும் வைத்துவிட்டு மச்சானை அமத்தச் சொன்னார். கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் 4.6 காட்டியது. கள்வன் அகப்பட்டான்.

மெயின் கரண்டைக் கழற்றி, பெட்டரியின் வயரையும் கழற்றிய பின்தான் அவர் அந்தப் போல்ட்டில் கை வைத்தார். ஸ்பெனர் தேவைப்படவே இல்லை, விரலாலேயே சுழன்றது. உள்ளே முழுக்கக் கறள், அதன் மேல் செம்மண். மச்சான் வாகனத்திலிருந்து சேண்ட் பேப்பர் எடுத்துவந்தார். வயரின் முனையையும் சட்டத்தையும் வெள்ளி போல மினுங்கும் வரை தேய்த்தார்கள். அந்த வேலையை மச்சான்தான் செய்தார். பெரியவர் பிடிவாதமாக அவரிடமே கொடுத்தார். தங்கை அப்போது, “நானா, உம்மா ரீவி பெட்டரிக்குச் சுடுதண்ணி ஊத்துவாவே, நினைவிருக்கா?” என்றாள். எனக்கு எங்கள் ஊருக்கு மின்சாரம் வராத காலம் நினைவுக்கு வந்தது. சைக்கிள் கரியரில் பெட்டரியை வைத்துக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் பண்ணி வருவோம். முனையில் பூத்த வெள்ளைப் பொடியை உம்மா சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, கொஞ்சம் கிறீஸ் தடவுவா. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனுஷி அன்று செய்ததும் இதுதான்.

போல்ட்டை இறுக்கி, கிறீஸ் தடவி, எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, பிஸ்மில்லாஹ் சொல்லி மச்சான் பட்டனை அமத்தினார். லாச்சி எங்கள் கண் முன்னால் அமைதியாக உள்ளே போய் மூடிக்கொண்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மோட்டரில் இப்போது 11.7.

இது சரிவராமல் போயிருந்தாலும் வழி இருந்தது என்றார் பெரியவர். இந்த மாதிரி லாச்சிகளில் மோட்டரின் பூட்டை விடுவிக்க ஒரு சிறு நெம்பு இருக்கும். அதைத் திருப்பிவிட்டு, ஸ்பெனரால் தண்டைக் கையால் சுற்றி உள்ளே கொண்டுவரலாம். கெரவனோடு வந்த புத்தகத்தில் அதன் படம் இருக்கிறது; எங்கள் புத்தகம் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் அலுமாரியில் கிடந்தது. ஆனால் கையால் இழுத்த பிறகு அந்த நெம்பை மறக்காமல் திரும்பப் பூட்ட வேண்டும். மறந்தால் ஓடும் வழியில் வளைவில் லாச்சி தானாக வெளியே வந்து எதிரே வரும் வண்டியில் மோதும். இதை அவர் மச்சானிடம் சொல்லவில்லை. தங்கையைப் பார்த்துச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

அவருக்குத் தேநீரும் முதல்நாள் செய்த ரொட்டியும் கொடுத்தோம். பணம் வாங்க மறுத்துவிட்டார். நாங்கள் புறப்பட்டபோது பத்தரை. தரிப்பிடத்துக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

சகோதரிகளே, கொப்பியிலிருந்து நான் சத்தமாக வாசிக்காத வரிகளும் இருந்தன. 24ஆம் திகதிக் குறிப்பின் கீழே, பாண் விலைக்குப் பக்கத்தில், “எனக்குத் தலைச்சுற்று” என்று இருந்தது. 25இல், “படி ஏற மூச்சு வாங்குது. நெஞ்சு படபடப்பு.” அதற்கு முந்திய பக்கங்களையும் திருப்பிப் பார்த்தேன். டிசம்பர் தொடக்கத்திலிருந்தே அங்கொன்றும் இங்கொன்றுமாக அது இருந்தது. அந்த வரிகளுக்குப் பின்னால் “இவரிடம் சொன்னேன்” என்பது இல்லை. லாச்சியைப் பற்றிச் சொன்னவள் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாளே, அது அழுகையை அடக்க என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மூன்று வாரமாக நான் அந்த வீட்டில் இருக்கிறேன். ஸுப்ஹுக்கு முன் எழுந்து தேநீர் தருகிறாள், சமைக்கிறாள், சிரிக்கிறாள், வேலைக்குப் போய் வருகிறாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மில்டுரா போகும் வழியில் பெற்றோல் நிரப்ப நிறுத்தியபோது, அவளும் பிள்ளைகளும் கடைக்குள் போயிருந்த நேரத்தில், அந்தப் பக்கத்தை விரித்து மச்சானிடம் கொடுத்தேன். காலையில் பேசாமல் இருந்ததற்கு என்னையும் மன்னிக்கும்படி சொன்னேன். அவர் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரை விட்டிறங்கி, கடைக்குள் போய், அவள் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரத்தப் பரிசோதனை முடிவு, நான் ஊர் திரும்பிய பிறகுதான் தொலைபேசியில் கிடைத்தது. ஹீமோகுளோபின் 8.5. பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். இரும்புச் சத்து வற்றிப்போயிருந்தது. மாதாந்தப் போக்கு அதிகமாக இருந்ததை அவள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததும் அப்போதுதான் வெளிவந்தது. டொக்டர் மாத்திரை கொடுத்து, மேற்கொண்டு பரிசோதனைக்கும் அனுப்பினார். சோறு சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்க வேண்டாம், அது உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேர விடாது, ஒரு மணித்தியாலமாவது விட்டுக் குடியுங்கள் என்றாராம். நம் வீடுகளில் எத்தனை பேர் சோற்றுக் கோப்பை காயுமுன் பிளேன்டீக் கோப்பையை எடுக்கிறோம்! உங்களுக்கும் படியேற மூச்சு வாங்கினால், வயதாகிவிட்டது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாமல் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நாலு மாதத்தின் பின், நோன்புக்குச் சில தினங்களுக்கு முன் பேசியபோது அவளுடைய குரலே மாறியிருந்தது. 11.8 வந்துவிட்டதாம், அல்ஹம்துலில்லாஹ். எர்த் போல்ட்டுக்கு மச்சான் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறாராம், பயணம் புறப்படுமுன் தொட்டுப் பார்ப்பதற்கு. கொப்பி என்னவாயிற்று என்று கேட்டேன்.

“இவர் இப்ப ஒவ்வொரு ராவும் எடுத்து வாசிக்கிறார் நானா” என்றாள். “எழுத்து விளங்கல்ல எண்டு ஏசுறார்.”